மருதம் பொய் சொல்லாது

பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பைக்கு டிக்கெட் எடுத்தீர்களா? எடுக்கவில்லை அல்லவா. அப்படியென்றால் இது மனிதர் உட்காரும் இடம்.

முகத்தைத் தூக்காதீர்கள். நான் எல்லோரிடமும் இப்படித்தான். சற்று முன்பு கண்டக்டரிடம் "சத்திரம் ஒன்று" என்றேன். "பஸ் ஸ்டாண்டா சார்?" என்கிறார். சத்திரத்தில் இறங்கி நான் என்ன, தங்கவா போகிறேன்?

நீங்களும் சத்திரம்தானா. நல்லது. ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. காதில் செருகியிருப்பதைக் கழற்றுங்கள், பாட்டு எங்கேயும் ஓடிவிடாது. கம்ப்யூட்டர் வேலையா? மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியா. அதுவும் நல்லதுதான். விஷயம் தெரிந்தவனிடம் சொன்னால் நடுவில் பேசுவான்.

என் பெயர் மார்க்கசகாயம். வழித்துணை என்று பொருள். யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிவிடுவது. துறையூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பதினேழு வருடமாகக் கணினிகளுக்கெல்லாம் பொறுப்பு. இன்று மூன்று மணிக்குத் திருச்சி தில்லைநகரில், தாளாளர் அலுவலகத்தில், விசாரணை. விசாரணை என்மேல் இல்லை. அதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். அமலோற்பவம் என்று ஓர் ஆய்வக உதவியாளர். அவர்மேல். புகார் என்னுடையது. பதினாலு பக்கம். அவர் தற்காலிகம், ஆறு வருடமாகத் தற்காலிகம், வருடா வருடம் ஆணையைப் புதுப்பிக்க வேண்டும். இந்த வருடம் புதுப்பிக்கக் கூடாது. என் கோரிக்கை அவ்வளவுதான். அவர் வேலை போக வேண்டும்.

'அவர்' என்றுதான் சொல்வேன். எதிரிக்கு மரியாதை குறைத்தால் நாம் கோபப்பட்டதாக ஆகிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் ஒரு சர்வர் இருக்கிறது. ஒரு முறை கடிதத்தில் நல்ல தமிழில் 'வழங்கி' என்று எழுதினேன். அலுவலகத்தில் அதை விடுதிச் சாப்பாட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து சர்வர். மற்ற கம்ப்யூட்டர்களைப் போல் படம் காட்டாது. யுனிக்ஸ் வழியில் வந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. மனிதர்களில் அப்படி ஒருவரை இன்னும் நான் பார்க்கவில்லை.

அதற்கு மருதம் என்று பெயர் வைத்தேன். ஆய்வகங்களில் இருப்பவை முல்லை, குறிஞ்சி, நெய்தல். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தனி லைன் வருகிறது. அந்த லைனின் முனையில் இருக்கிற ரூட்டர் பெட்டிக்குப் பாலை. அதன் வழியாகப் போன விண்ணப்பம் எதுவும் திரும்பி வந்ததில்லை, அதனால். ஹோஸ்ட்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது, பெயருக்கு எதிரே அதன் எண்ணை எழுதி வைக்கிற கோப்பு. அதில்தான் இந்தப் பெயர்களெல்லாம். முதல்வர் கலியமூர்த்தி இதைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், சர்வர் ஒண்ணு, சர்வர் ரெண்டுன்னு வச்சா ஆகாதா?" என்றார். ஆகும். அவருடைய பிள்ளைகளுக்கும் அப்படியே வைத்திருக்கலாம்.

இப்போது கவனியுங்கள். மருதத்துக்கு இரண்டு வாசல். துறையூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனிடம், எந்த ஊருக்குப் போனாலும் திருச்சி வண்டியில் ஏறு என்று சொல்லி வைத்தால் பெரும்பாலும் போதும். பெரம்பலூருக்கு மட்டும் வேறு வண்டி. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவனும் திருச்சிக்கு வந்து திருதிருவென்று நிற்பான். மருதமும் அப்படித்தான். உலகத்துக்கெல்லாம் பொது இணைய வாசல். பல்கலைக்கழகத்துக்கு மட்டும் பாலை. அந்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி.

அந்த வரியைச் சொன்னவன் நான். மூன்று வருடத்துக்கு முன், லைன் வந்த அன்று, திரையில் தட்டினேன், வேலை செய்தது. போன வருடம் பெட்டியை மாற்றினார்கள், எண்ணும் மாறியது. புது எண்ணோடு இன்னொரு முறை தட்டினேன். வேலை செய்தது.

எழுதி வைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். பரவாயில்லை, மருந்துக்காரராக இருந்தும் கேட்கிறீர்கள். மருதம் எழுந்ததும் முதலில் படிக்கிற கோப்பு ஒன்று உண்டு. அதில் எழுதினால் நிற்கும். வெறுமனே தட்டினால், மருதம் விழித்திருக்கிற வரைக்கும் நினைவிருக்கும், அணைத்தால் போய்விடும். நான் எழுதவில்லை. ஏன் எழுத வேண்டும்? மருதம் அணைவதே இல்லை. ஆயிரத்து நூற்று எட்டு நாள் அணையாமல் ஓடியது. தினமும் காலையில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் காபி. மேலும் எழுதி வைத்தால் எவனும் படிப்பான். என் தலையில் இருந்தது. அதைவிடப் பத்திரமான இடம் அந்தக் கல்லூரியில் கிடையாது.

இங்கேதான் ஆயுத பூஜை வருகிறது.

எங்கள் கல்லூரியில் ஆயுத பூஜை என்றால் எல்லா இயந்திரத்தையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, விஜயதசமி காலையில் ஓட்ட வேண்டும். லேத் மெஷினிலிருந்து பூட்டுச் சாவி வரைக்கும். மூன்று வருடமும் மருதத்தை நான் தொடவிடவில்லை. கதவில் ஒரு பொட்டு வையுங்கள், போதும் என்று சாவியைப் பையில் போட்டுக்கொள்வேன். இந்த வருடம் அன்றைக்கு எனக்குப் பெரம்பலூரில் பட்டிமன்றம். நடுவர். முதல்வர், "சாவிய அமலோற்பவத்துக்கிட்ட குடுத்துட்டுப் போங்க, தீ கீ புடிச்சா யாரு தொறக்கிறது?" என்று உத்தரவு போட்டார். கொடுத்தேன். ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுத்தேன். இதோ, புகாரோடு இணைப்பு ஒன்று.

அவர் என்ன செய்தார்? அறையைத் திறந்தார். மருதத்தை நிறுத்தினார். சுத்தம் செய்தார். சுத்தம் என்றா சொன்னேன், திருத்திக்கொள்ளுங்கள், தலையிட்டார். உள்ளேயிருந்து ஒரு முறம் தூசியும் ஒரு செத்த பல்லியும் எடுத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பல்லிக்கும் மருதத்துக்கும் என்ன சம்பந்தம்? அது பாட்டுக்கு அங்கே இருந்தது. பிறகு சந்தனம், குங்குமம், மாலை. மறுநாள் காலையில் ஓட்டினார்.

என்னைக் கேட்டாரா என்று கேளுங்கள். கேட்கவில்லை. மூன்று முறை போன் அடித்தார், அது கேட்டதாகுமா? நான் நடுவர் நாற்காலியில் இருந்தேன். அப்புறம் ஒரு செய்தி: "மருதம் ஆஃப் பண்ணலாமா, அதுக்கு முன்னாடி ஏதாச்சும் எழுதி வச்சுக்கணுமா?" விளிப்பு இல்லை, வணக்கம் இல்லை. விளிப்பில்லாத செய்திக்கு நான் பதில் எழுதுவதில்லை. இது அவருக்கு ஆறு வருடமாகத் தெரியும்.

சரி. மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இணையம் ஓடியது, வருகைப்பதிவு ஓடியது, பல்கலைக்கழகத்தோடு யாருக்கும் வேலையில்லை. அப்புறம் தேர்வு. இப்போதெல்லாம் வினாத்தாள் கட்டாக வருவதில்லை. பத்து மணித் தேர்வுக்கு ஒன்பதேகாலுக்கு அந்தத் தனி லைன் வழியாகத்தான் இறக்க வேண்டும், அச்சடிக்க வேண்டும், அறைக்கு அனுப்ப வேண்டும். முதல் நாள் சாயங்காலம் லைனைச் சோதித்துப் பார்த்துச் சான்று அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை வரும். அனுப்பினேன். சோதித்து அல்ல, கையெழுத்திட்டு. மூன்று வருடமாக ஓடுவதை எதற்குச் சோதிப்பது?

ஒன்பதேகால். பல்கலைக்கழகம் வரவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. குங்குமம். லைன் செருகுகிற துளைக்கு மேலேயே ஒரு பொட்டு வைத்திருந்தார், காய்ந்து உதிர்ந்திருந்தது. துளையைக் கழற்றினேன், பிரஷ்ஷால் துடைத்தேன். கேபிளை மாற்றினேன். பெட்டியைத் திறந்தேன். உதிர்ந்த குங்குமத்தை ஒரு கவரில் போட்டு, நேரம் எழுதி, ஒட்டினேன். இதோ இருக்கிறது, இணைப்பு நான்கு. குலுக்காதீர்கள்.

ஒன்பது நாற்பதாகிவிட்டது. முந்நூற்று நாற்பது பேர் அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு, அதனால் கட்டடமே மூச்சுப் பிடித்த மாதிரி இருந்தது. முதல்வர் சர்வர் அறை வாசலில் கைக்குட்டையோடு நிற்கிறார். கர்ப்பமாக இருக்கிற ஒரு மாணவி, வீட்டிலிருந்து கிளம்பி மூன்று மணி நேரம் ஆகிறது, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டு ஆள் அனுப்புகிறாள். அப்போதுதான் அமலோற்பவம் என் பின்னால் வந்து நின்றார்.

"சார், கூகுள் வருது. நம்ம வெப்சைட் வருது. எல்லா ஊருக்கும் போகுது. யுனிவர்சிட்டிக்கு மட்டும்தான் போகல. குங்குமம் ஆளப் பாத்தா அடைக்கும்?"

முதல்வர் சிரித்தார். அந்த நேரத்தில், அந்த நெருக்கடியில், சிரித்தார். ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது.

"உங்களை யாரும் கேட்கவில்லையே" என்றேன்.

"கேக்கலதான் சார். கேட்டிருந்தீங்கன்னா அரை மணி நேரம் முன்னாடியே சொல்லியிருப்பேன்."

பக்கத்துத் திரையில் உட்கார்ந்து, மருதத்துக்குத் தெரிந்த வழிகளைக் காட்டச் சொல்லி ஒரு கட்டளை தட்டினார். அது யார் வேண்டுமானாலும் தட்டலாம், பெரிய வித்தையில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "சார், இதுல ஒரே ஒரு வாசல்தான் இருக்கு. பாலைக்கு வழியே இல்ல. யுனிவர்சிட்டிக்குப் போறதும் பொது லைன்லதான் போய் முட்டிக்கிட்டு நிக்குது."

எனக்கு அது தோன்றவில்லையா என்று பார்க்கிறீர்கள். தோன்றியது. தோன்றியிருக்கும். ஆனால் முதலில் குங்குமம் நிரூபணமாக வேண்டும். எதற்கும் ஒரு வரிசை இருக்கிறது.

அவர் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாலையின் எண்ணைப் பார்த்தார். மருதத்திலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. அதில் இருந்தது பழைய எண். போன வருடம் மாறியதை நான் கோப்பில் மாற்றவில்லை. பாதுகாப்புக்காக. வெளியாள் யாராவது புகுந்தால் தப்பான எண்ணுக்குப் போய் முழிக்கட்டும் என்று. அமலோற்பவம் என்ன செய்தார் தெரியுமா? எழுந்துபோய்ப் பெட்டியைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் எண்ணைப் படித்தார். லைன்காரன் ஒட்டிவிட்டுப் போனது. இப்படி இருந்தால் எதைத்தான் பாதுகாக்க முடியும்?

"சார், ரூட் பாஸ்வேர்டு போடுங்க. ஒரு வரிதான்."

மருதத்தில் எதை மாற்றவும் அந்த பாஸ்வேர்டு வேண்டும், அது எனக்கு மட்டும்தான் தெரியும். எழுத்தில் கேட்கச் சொன்னேன். முதல்வர் என்னைப் பார்த்தார். ஒன்பது ஐம்பத்தேழு. அறை ஒதுக்கீட்டுத் தாளின் பின்பக்கத்தில் "உடனே கொடுக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதி போடவில்லை. தேதி போடச் சொன்னேன். போட்டார். இணைப்பு ஐந்து. அப்புறம் நானே அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினேன். அமலோற்பவம் அந்த ஒரு வரியைத் தட்டினார். பல்கலைக்கழகம் வந்தது. தேர்வு ஐம்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.

கைதட்டல் எல்லாம் யாருக்கு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நான் இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது அதற்கு அப்புறம். மருதம் எழுந்ததும் படிக்கிற அந்தத் தொடக்கக் கோப்பைத் திறந்தார். என் கோப்பு. அதில் அந்த வரியை எழுதினார், இனிமேல் அணைந்தாலும் போகாதபடி. ஹோஸ்ட்ஸிலும் பாலைக்குப் புது எண் எழுதினார். எழுதிவிட்டு இரண்டு வரியின் முடிவிலும் குறிப்பு: இன்ன தேதி, இன்ன காரணம், அமலோற்பவம். பெயர். பதினேழு வருடத்தில் நான் ஒரு வரியிலும் என் பெயரைப் போட்டதில்லை. ஏன் போட வேண்டும், எல்லாம் என்னுடையதுதானே. கேட்டால், "நாளைக்கு வேற யாராச்சும் பாத்தா புரியணும்ல சார்" என்கிறார். வேறு யார் பார்ப்பார்கள்? நான் எங்கே போய்விடுவேன்?

எழுந்து போகும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார். முதல்வர் காது கேட்க. "ஒண்ணே ஒண்ணு சார். ரீஸ்டார்ட் பண்ணா அந்த வரி போயிரும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

இரண்டு பக்கமும் கூர் தீட்டிய கேள்வி. தெரியும் என்றால் ஏன் எழுதவில்லை, தெரியாது என்றால் நீ எதற்கு இங்கே. அதற்குப் பதில் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? கேட்கும் முறை சரியில்லை என்று மட்டும் சொன்னேன்.

இது புலிவலம்தானே? இன்னும் நேரம் இருக்கிறது.

பல்கலைக்கழகம் விளக்கம் கேட்டது. அவர் மூன்று வரி எழுதினார். நான் பதினாலு பக்கம். முதல் வாக்கியம், அடிக்கோடிட்டு: 'மருதம் பொய் சொல்லாது.' ஏனென்றால் அது எல்லாவற்றையும் பதிவு செய்யும். யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன கட்டளை, எழுத்து விடாமல். அந்தப் பழக்கத்தை அதற்கு ஏற்படுத்தியவனே நான்தான். ஆயுத பூஜை அன்று மாலை நான்கு பத்துக்கு மருதம் நிறுத்தப்பட்டது. அது அதில் இருக்கிறது. ஆயிரத்து நூற்று எட்டு நாள் ஓடியதை நிறுத்தியது யார்? அமலோற்பவம். நிறுத்தியிருக்காவிட்டால் வழி போயிருக்குமா? போயிருக்காது. முந்நூற்று நாற்பது பேர் காத்திருந்திருப்பார்களா? மாட்டார்கள். தர்க்கத்தில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

இன்று மூன்று மணிக்கு நான் வாயால் பேசப் போவதில்லை. செய்து காட்டப் போகிறேன். தாளாளர் முன்னால், "கல்லூரிக்குப் போன் போட்டு மருதத்தை ஒரு முறை நிறுத்தி ஓட்டச் சொல்லுங்கள்" என்பேன். ஓட்டுவார்கள். பல்கலைக்கழகம் போய்விடும். பார்த்தீர்களா, நிறுத்துவதுதான் குற்றம், என்பேன். திங்கட்கிழமை அடுத்த தேர்வு, அதற்குள் நான் போய்ச் சரிசெய்துவிடுவேன். செய்யத் தெரிந்தவன் யார் என்றும் அப்போது தெரிந்துவிடும்.

எப்படிப் போகும் என்கிறீர்களா? அவர்தான் எழுதி வைத்துவிட்டாரே என்கிறீர்களா? நீங்கள் மருந்து விற்கிறவர்தானே, நிச்சயமாகத்தானே?

நேற்று எடுத்துவிட்டேன். அழிக்கவில்லை, முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவந்தேன். குற்றம் நடந்த இடம் நடந்தபடியே இருக்க வேண்டும் என்பது பொது விதி. கோப்பைத் திறக்கக்கூட இல்லை. அமலோற்பவம் என்ற பெயர் உள்ள வரிகளையெல்லாம் நீக்கு என்று ஒரே கட்டளை. இரண்டு கோப்பிலும் போய்விட்டது. அழகான கட்டளை. அவர் தன் பெயரைப் போட்டு வைத்தது அதற்கு மட்டும் உதவியாக இருந்தது. மருதம் இன்னும் விழித்திருக்கிறது, அதனால் எல்லாம் ஓடுகிறது, யாருக்கும் ஒன்றும் தெரியாது.

காலையில் பதிவேட்டை அச்செடுத்தேன். பூஜை நாளிலிருந்து இன்று காலை வரைக்கும் முழுவதும். துண்டு துண்டாகக் கொடுத்தால் ஒளித்துவிட்டேன் என்பார்கள். ஏழு பிரதி. நான்கு, முதல்வர் காரில் பத்து மணிக்கே தில்லைநகர் போய்விட்டன. ஒன்று முதல்வருக்கு, ஒன்று எனக்கு. ஒன்று அமலோற்பவத்துக்கு. எதிர்த்தரப்புக்கும் பிரதி தர வேண்டும், நான் விதியை மீறுகிறவன் இல்லை. வாங்கியதும் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தார். மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பஸ்ல பாத்துப் போயிட்டு வாங்க சார்" என்றார். அப்படியொரு பணிவு அவரிடம் நான் பார்த்ததே இல்லை. பயம்.

நீங்களே பாருங்கள், இதுதான் இணைப்பு ஏழு. படிக்கிற கண்ணாடியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நான்கு பத்து என்கிற வரியைக் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள், காதால் கேட்க ஆசையாக இருக்கிறது.

ஏன் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள்? அது முதல் பக்கத்திலேயே இருக்கும்.

கடைசி வரியா? கடைசி வரியில் என்ன?

மார்க்கசகாயம். ஆமாம், அது நான்தான். நேற்றைய தேதி. ஐந்து நாற்பது. சரிதான், தேநீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்புறம்? கட்டளை. நீக்கு. அமலோற்பவம். தொடக்கக் கோப்பு, ஹோஸ்ட்ஸ்.

இரண்டு பேர் பெயரும் ஒரே வரியில் இருக்கிறதா.

இருக்கும். நான் சரிபார்க்கவில்லை. மருதம் எழுதியதை நான் எதற்குச் சரிபார்க்க வேண்டும்? முதல் வாக்கியமே அதுதானே.

கொடுங்கள் இப்படி. மடிக்காதீர்கள். ஒரு பிரதியைத் திருத்தி என்ன ஆகப்போகிறது, ஆறு வெளியே இருக்கிறது.

மருதத்துக்கு எழுதத்தான் தெரியும். ஏன் எழுதவில்லை, எதற்கு எடுத்தேன் என்று கேட்காது. அதனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். கேட்பவர் அவர். அந்தக் கேள்வியை மூன்று மணிக்கு மறுபடியும் கேட்பார். தெரியுமா, தெரியாதா என்று. இந்த முறை தெரியாது என்று சொல்லவும் வழியில்லை.

நம்பர் ஒன் டோல்கேட்டா இது? துறையூர் வண்டி எதிர்ப்பக்கம்தானே நிற்கும்? இப்போது ஏறினால் மூன்றேகாலுக்குப் போய்விடலாம். மூன்று மணிக்கு முன்னால் போய் அந்த வரிகளைத் திரும்ப எழுதிவைக்க ஏதாவது வண்டி உண்டா? கண்டக்டரைக் கேளுங்களேன், நான் கேட்டால் அவர் சொல்ல மாட்டார்.

வேண்டாம், விடுங்கள். நான் நின்றுகொள்கிறேன். நீங்கள் பையை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.